பள்ளிக்கூட இசைக் குழு: வாசகர் கேள்வி – பதில்

கலைத்திருவிழா, ஆண்டு விழா, குடியரசு தின அணிவகுப்பு என்று பள்ளிகளில் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் வேலை வந்துகொண்டே இருக்கிறது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுப்பது பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் பள்ளி இருபாலர் பள்ளி. காலை வழிபாட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேர் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சரியாக வைத்தால் பையன்கள் முனகுகிறார்கள். பையன்களுக்கு ஏற்ற மாதிரி வைத்தால் பெண் பிள்ளைகள் கீச்சிடுகிறார்கள். போதாததற்குப் பாட்டு நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?
– இசை ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை, அம்மா. சுருதி அமையவில்லை, அவ்வளவுதான். ஸா நிற்கும் உயரத்தைத்தான் கட்டை என்கிறோம், 1 கட்டை கீபோர்டில் ஸி, 5 கட்டை ஜி. பொதுவாகப் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு கட்டையைப் பிடித்தால் இரு தரப்புக்கும் ஒத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் இரு தரப்புக்குமே கஷ்டம்தான் மிஞ்சும். பாட்டின் வீச்சைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் எது, மிக உயர்ந்த ஸ்வரம் எது என்று ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ வாசித்துக் கண்டுபிடியுங்கள். 14 வயதுப் பெண் பிள்ளைகள் கூட்டமாகப் பாடும்போது சிரமம் இல்லாத எல்லை, கீபோர்டில் நடு ஸி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி, அதற்கு மேல் ஸ்தாயியில் உள்ள டி வரை (ஒரு ஸா முதல் அடுத்த ஸா வரை ஒரு ஸ்தாயி). குரல் முழுவதும் உடைந்து தேறிய பையன்களுக்கு ஏறத்தாழ இதே எல்லைதான், சரியாக ஒரு ஸ்தாயி கீழே. பாட்டு ஸா-வுக்குக் கீழே இறங்காமல் மேல் ஸ்தாயி காந்தாரம் வரை மட்டும் போகிறது என்றால் 6 கட்டை, அதாவது ஏ, பொருந்தும். பெண் பிள்ளைகள் ஒரு ஸ்தாயியிலும் பையன்கள் அதன் கீழ் ஸ்தாயியிலும் பாடுவார்கள். பாட்டு கீழ்ப் பஞ்சமம் வரை இறங்குகிறது, மேலே ஸா-வோடு நின்றுவிடுகிறது என்றால் 2 கட்டையை, அதாவது டி-யை, ஒட்டி வையுங்கள். முடிவு செய்வதற்கு முன் முழுப் பாட்டையும் பாட வைக்க வேண்டாம். உச்சிக்குப் போகும் வரியை மட்டும் மூன்று முறை பாடச் சொல்லுங்கள். கழுத்து நீண்டு தாடை மேலே தூக்கினால் அரைக் கட்டை இறக்குங்கள்.

குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்கள் எந்த வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சமயத்தில் ஐந்தாறு ஸ்வரங்கள்தான் நம்பிக்கையாக நிற்கும். அவர்களை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லாதீர்கள். ஸா ஒன்றையே தம்பூரா மாதிரி நீட்டிப் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் அது துணையாக இருக்கும்.

இழுப்பதற்கான காரணம் மூச்சு. வரி முடிந்ததும் ஆளாளுக்கு ஓர் இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், அடுத்த வரி தொடங்கும்போது எல்லாரும் சேரும்வரை காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் அரை நொடி போனால் பாட்டு முழுவதற்கும் எவ்வளவு போகும் என்று பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த அரசாணை இந்தப் பாடலை மாநிலப் பாடலாக அறிவித்தபோது மோகன ராகத்தில், மூன்றன் நடையான திஸ்ர தாளத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று சொல்கிறது. கைப்பேசியில் விநாடி பாருங்கள். மூச்சு வாங்கும் இடங்களைத் தாளில் சிவப்பு மையால் குறித்து எல்லார் கையிலும் கொடுங்கள். தொடையில் ஒன்று–இரண்டு–மூன்று என்று தட்டிக்கொண்டு, மெட்டில்லாமல் சொற்களை மட்டும் அந்த நடையில் சொல்லவைத்து, பிறகு பாட வையுங்கள். ஒரு வாரத்தில் நேராகிவிடும்.

அதே அரசாணை, பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதை ஊக்குவிக்கச் சொல்கிறது. ஆகவே ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். மனோன்மணீயம் சுந்தரனாரின் பெயரில் பல்கலைக்கழகமே வைத்திருக்கும் ஊர் நம்முடையது. அவர் பாடலை நம் பிள்ளைகள் சுருதி சுத்தமாகப் பாட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன். ஆறு மாதமாகக் குரல் கரகரக்கிறது, நடுவில் உடைகிறது. பாட்டு வகுப்பை நிறுத்திவிடவா?
– தாய், களக்காடு

பதில்: நிறுத்த வேண்டாம். 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பழைய பழக்கத்தில் மூளை அனுப்பும் இழுப்பு புது நாணுக்குப் பொருந்தாமல் போகும்போதுதான் உடைகிறது. இந்தக் காலத்தில் நாளைக்கு 15 நிமிடம், நடு ஸ்தாயியில் மட்டும், சத்தம் குறைத்துப் பாடட்டும். மேல் ஸ்தாயி வர்ணம் எல்லாம் வேண்டாம். ஸ்வரஞானம் குறையாமல் இருக்க ஒரு வாத்தியமோ தாளமோ சேர்த்துக் கற்றுக்கொண்டால் நல்லது. விளையாட்டு விழாவில் தொண்டை கிழியக் கத்துவதும், கரகரப்பை மறைக்கக் கிசுகிசுவென்று பேசுவதும் குரலுக்கு உண்மையிலேயே கெடுதல். சளி, காய்ச்சல் இல்லாமல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் ஒரே மாதிரி நீடித்தால், வலியும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்களிடம் வயலின் வாசிக்கும் பிள்ளைகள் மூன்று பேர், புல்லாங்குழல் இரண்டு பேர், கீபோர்டு ஒருவர், மிருதங்கம் இரண்டு பேர், ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. தனித்தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது. சேர்ந்தால் சந்தை மாதிரி ஆகிவிடுகிறது. எந்த உருப்படியிலிருந்து ஆரம்பிப்பது?
– ஆசிரியர், வள்ளியூர்

பதில்: உருப்படி அப்புறம், ஐயா. யாருக்கு யார் சுருதி சேர்க்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் கீபோர்டைப் போட்டு எல்லாரையும் அதற்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். அது தலைகீழான முறை. எந்த வாத்தியத்தால் தன்னை மாற்றிக்கொள்ளவே முடியாதோ, அதற்குத்தான் மற்றவை இறங்கிவர வேண்டும். உங்கள் குழுவில் அது புல்லாங்குழல். மூங்கிலின் நீளமும் துளைகளும் மாறாது. உதட்டை உள்பக்கம் திருப்பினால் சற்று இறங்கும், அவ்வளவுதான். அதுவும் வாய்ச்சூடு ஏற ஏறக் குழலின் சுருதி உயரும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ நூறில் மூன்று பங்கு ஏறும். ஆகவே குழல் பிள்ளைகள் ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகுதான் சுருதி பார்க்க வேண்டும். இரண்டு குழலும் ஒரே கட்டை என்று கடையில் சொன்னாலும் சேர்ந்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்கொன்று இழைந்து வராமல் அதிர்வு கேட்டால் வேறு குழல் கேளுங்கள்.

குழல் நிலைத்ததும் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானால் கட்டையையும், டியூனிங் பகுதியில் உள்ள நுண்மாற்றத்தால் மீதி வித்தியாசத்தையும் சரிசெய்யுங்கள். எல்லாக் கீபோர்டிலும் 440 என்று இருக்கும் எண்ணை ஒன்றிரண்டு கூட்டினாலே பெரும்பாலும் போதும். அடுத்து வயலின், கடைசியாக மிருதங்கம். ஆர்மோனியத்துக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. குழலோடு ஒத்துவரவில்லை என்றால் அதை இந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், பாட்டு வகுப்புக்குப் பயன்படட்டும். அதை வைத்துக்கொண்டு போராடுவதில் பயனில்லை.

கட்டை 5 என்று வைத்தால் வயலினுக்கு ஒரு வசதி உண்டு. கர்நாடக முறையில் நான்கு தந்தியும் ஜி–டி–ஜி–டி என்று அமையும். எந்தத் தந்தியையும் அதன் இயல்புக்கு மேல் முறுக்க வேண்டியதில்லை, அறுந்துபோவதும் குறையும். தேவாலயப் பாடகர் குழுவில் மேற்கத்திய முறையில் கற்ற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் வயலின் ஜி–டி–ஏ–இ என்று இருக்கும். கீழ் இரண்டு தந்திகள் ஒன்றே. மேல் இரண்டில்தான் விரல் வைப்பு மாறும். அந்தப் பிள்ளையைத் தந்தியை மாற்றச் சொல்லாமல், ஸ்வரத்தைத் தன் முறையில் எழுதிக்கொள்ள விடுங்கள். மிருதங்கம் 5 கட்டைக்கு 22 அங்குலக் குச்சி மிருதங்கமாக இருக்க வேண்டும். 24 அங்குலத் தக்கு மிருதங்கத்தை இந்தச் சுருதிக்கு அடித்து ஏற்றப்போனால் வார் அறும், இல்லாவிட்டால் தட்டு கிழியும்.

இப்போது உருப்படி. நோட்டுஸ்வரத்தில் தொடங்குங்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் செய்தவை இவை, ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண மேளத்து ஸ்வரங்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, இல்லாத நேரான ஸ்வரங்கள், மூன்று அல்லது நான்கு எண்ணிக்கைக்குள் அடங்கும் தாளம், சிறிய அளவு. கீபோர்டு வாசிக்கும் பிள்ளையும் வயலின் பிள்ளையும் ஒரே ஸ்வரத்தை ஒரே மாதிரி வாசிக்க முடிகிற உருப்படி இதைவிட வேறு கிடைக்காது. கமகம் நிறைந்த கிருதியை எடுத்தால் வயலின் அசைந்துகொண்டும் கீபோர்டு கட்டை மாதிரி நின்றுகொண்டும் இருக்கும். நீங்கள் சொல்லும் சந்தைச் சத்தம் பாதி அங்கேதான் பிறக்கிறது. தீட்சிதர் கடைசிக் காலத்தைக் கழித்து 1835-இல் மறைந்தது பக்கத்தில் எட்டயபுரத்தில். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இருந்ததும் அதே சமஸ்தானத்தில்தான். பிள்ளைகளை ஒருநாள் எட்டயபுரம் சமாதிக்குக் கூட்டிப்போய் அங்கே உட்கார்ந்து ஒரு நோட்டுஸ்வரம் வாசிக்க வையுங்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

40 நிமிட வகுப்பு என்றால் முதல் 8 நிமிடம் சுருதிக்கே கொடுங்கள். ஒரு வாத்தியம் ஸா பிடிக்க, மற்றது கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர வேண்டும். அடுத்த 10 நிமிடம் வாத்தியவாரியாகப் பிரிந்து ஒரு பகுதி மட்டும். அதன் பிறகு 15 நிமிடம் சேர்ந்து, மிருதங்கம் இல்லாமல். தாளம் கையால் போட்டால் போதும். கடைசி 7 நிமிடத்தில்தான் மிருதங்கம். தொடக்கத்திலேயே மிருதங்கத்தைச் சேர்த்தால் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொண்டு சுருதியைக் கவனிக்கமாட்டார்கள். மேடையில் மிருதங்கம் குழுவுக்கு வலக்கைப் பக்கம் உட்கார்ந்தால் வலக்கையால் வாசிக்கும் வலந்தலை சபையைப் பார்க்கும். கீபோர்டு வாசிப்பவருக்குப் பக்கத்து வயலின் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மோகன ராகப் பாட்டுக்குக் கீபோர்டில் கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவது) போட்டால் சில இடத்தில் நன்றாக இருக்கிறது, சில இடத்தில் ராகமே மாறிப்போகிறது. ஏன்?
– 11-ஆம் வகுப்பு மாணவி, நாங்குநேரி

பதில்: நல்ல காது உனக்கு, பாப்பா. மோகனத்தில் ஸ, ரி, க, ப, த என்று ஐந்து ஸ்வரம்தான். மத்யமமும் நிஷாதமும் கிடையாது. ஸா-வை ஸி என்று வைத்துக்கொண்டால் ஸி மேஜர் கார்டு ஸ–க–ப, ஏ மைனர் கார்டு த–ஸ–க. இந்த இரண்டு மட்டும்தான் ராகத்துக்குள் முழுதாக அடங்கும். பழக்கத்தில் எஃப் மேஜர் பிடித்தால் மத்யமம் உள்ளே வந்துவிடும், ஜி மேஜர் பிடித்தால் நிஷாதம் வந்துவிடும். நீ கேட்ட மாற்றம் அதுதான். பஞ்சமத்தில் நிற்கும் இடங்களில் ப-வையும் ரி-யையும் மட்டும் சேர்த்துப் பிடி, நடுவில் நிஷாதத்தை விட்டுவிடு. சந்தேகமான இடங்களில் ஸ–ப மட்டும் பிடித்தால் தவறே வராது. ஆட்டோ ரிதம் பகுதியை அணைத்துவிட்டு வாசி. அது தானாகவே இல்லாத ஸ்வரங்களைக் கார்டில் சேர்க்கும்.

உங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் பாமாலையை நான்கு குரலில் பாடுவதையும், கீர்த்தனையை ஒரே குரலில் பாடுவதையும் கவனித்துக் கேள். கீர்த்தனைக்குக் கார்டு குறைவாகப் பிடிக்கும் ஆர்கன் வாசிப்பாளரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

கேள்வி: கலைத்திருவிழாவுக்காக எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 12 நிமிடம் வில்லுப்பாட்டு போட நினைக்கிறோம். எங்களில் யாருக்கும் முறையாகத் தெரியாது. எத்தனை பேர், என்னென்ன சாமான், எப்படிப் பழக்குவது?
– தமிழாசிரியர், ஆலங்குளம்

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எங்களுக்கு ரொம்ப மகிழ்ச்சி, ஐயா. வில்லுப்பாட்டு நம் மண்ணில் வளர்ந்த கலை, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான குழு இசையும் அதுதான். பாட்டு, பேச்சு, தாளம் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் குரல் உடைந்த பையனுக்கும் வேலை இருக்கிறது, கூச்சப்படுகிற பிள்ளைக்கும் வேலை இருக்கிறது.

ஏழு பேர் போதும். வில்லை அடித்துக்கொண்டு கதை சொல்லிப் பாடுபவர் அண்ணாவி. அவருக்கு வலத்தே ஒருவர், இடத்தே ஒருவர் பின்பாட்டுப் பாடி 'ஆமா' போட வேண்டும். குடம் ஒருவர், உடுக்கு ஒருவர், தாளம் ஒருவர், தட்டும் மரக்கட்டை ஒருவர். ஆர்மோனியம் வைத்தால் சுருதி பிடிக்க வசதிதான், ஆனால் அண்ணாவி பாடும் மெட்டை முழுக்க அது பின்தொடர வேண்டாம், ஸா மட்டும் கொடுத்தால் போதும்.

பெரியவர்கள் வைக்கும் வில் பத்தடிக்குக் குறையாது. பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு அடி போதும். பனை வைரத்தில் செய்தது கிடைத்தால் நல்லது, மூங்கிலும் தாங்கும். நாண் தோல் வாராக இருந்தால் ஈரக் காற்றில் தொய்யும், நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே இழுத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். வளைவில் தொங்கும் வெண்கல மணிகளின் கட்டு ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். நிகழ்ச்சி நடுவில் மணி அவிழ்ந்து விழுவது வழக்கமான விபத்து. வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், குடம் வைக்கோல் புரிமனை மேல் உட்கார வேண்டும். வெறும் மேடைப் பலகையில் வைத்தால் குடம் நகரும், நாதமும் செத்துவிடும். குடம் வாங்கும்போது விரல் கணுவால் சுண்டிப் பாருங்கள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் எடுங்கள், சட்டென்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. கழுத்து குறுகியும் வயிறு உருண்டும் இருப்பதாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள், ஒன்று எப்படியும் உடையும். குடத்தின் வாயில் அடிக்கக் கமுகம்பாளை மட்டை வேண்டும்.

12 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். கடவுளை வணங்கும் காப்புக்கு ஒரு நிமிடம். வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை. நாட்டு வளத்துக்கு ஒன்றரை. கதைக்கு ஏழு. வாழ்த்தி முடிக்கும் வாழிக்கு ஒன்று. வழக்கமாகப் பள்ளிக் குழுக்கள் முன்பகுதியிலேயே ஐந்து நிமிடத்தைக் கரைத்துவிட்டுக் கதையை ஓட்டமாக ஓட்டுகிறார்கள். நடுவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

பழக்கும் வரிசை முக்கியம். முதல் இரண்டு வாரம் வில்லைத் தொடவே வேண்டாம். கையைத் தட்டிக்கொண்டு கதையைப் பேச்சாகச் சொல்லப் பழக்குங்கள். மூன்றாவது வாரம் மெட்டு. நான்காவது வாரம் வில்லை அடிக்கும் வீசுகோல். நாணில் பட வேண்டிய வீசுகோல் பிள்ளைகள் கையில் வில் மரத்தில் படும், அப்போது மணி குலுங்காமல் 'டொக்' என்று கேட்கும். மணிக்கட்டைத் தளர்த்தி, நாணில் ஒரே இடத்தில் விழும்படி துணி சுற்றிய அடையாளம் வைத்துப் பழக்குங்கள். அண்ணாவிப் பிள்ளைக்கு பாட்டும் அடியும் ஒன்றாக வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், பாடும்போது வெறும் அடி, பேச்சு முடியும் இடத்தில் மட்டும் உருட்டு என்று எளிதாக்கிக்கொள்ளுங்கள். 'ஆமா' என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னால் கதை செத்துவிடும். ஆச்சரியத்துக்கு ஒரு 'ஆமா', சந்தேகத்துக்கு ஒரு 'அப்படியா', துக்கத்துக்கு மெதுவாக ஒன்று என்று கதைத்தாளிலேயே குறித்துவிடுங்கள்.

கதைக்கு ஊர்ப் பொருள் எடுங்கள். தாமிரபரணியின் மேல் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்க சுலோசன முதலியார் தன் சொந்தச் செல்வத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. ஆற்றைக் கடக்க மக்கள் பட்ட பாடு, கொடுத்த மனசு, கட்டிய பாலம் என்று ஏழு நிமிடத்துக்கு அளவெடுத்த மாதிரி மூன்று பகுதி கிடைக்கிறது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, வில்லுப்பாட்டைக் கோயில் கொடையிலிருந்து பொது மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் சமூகக் கதைகளைத்தான் நிறையச் சொன்னார். பிள்ளைகளுக்கு அவர் பதிவுகளைக் கேட்க வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். கோயில் கொடையில் பூசை செய்து வைக்கும் வில்லை அண்ணாவியைக் கேட்காமல் பள்ளிக்கு எடுத்துவர வேண்டாம். பக்கத்து ஊர் அண்ணாவியை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, உரிய மரியாதை செய்து, சன்மானமும் கொடுத்து, பிள்ளைகளுக்கு வீசுகோல் பிடிக்கச் சொல்லித்தரக் கேளுங்கள். புத்தகத்தில் கிடைக்காதது அந்த இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும்.

கேள்வி: பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் அணிவகுப்புக்குப் போகும் எங்கள் பள்ளி பேண்டு செட்டு, உள்ளே நுழையும்போது சரியாக இருக்கிறது, பாதி தூரத்தில் பின்வரிசை கால் தவறுகிறது. பின்வரிசைப் பிள்ளைகளைத் திட்டித் திட்டிச் சலித்துவிட்டது.
– உடற்கல்வி ஆசிரியர், சேரன்மகாதேவி

பதில்: அவர்களைத் திட்டாதீர்கள், சார். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பேண்டு முன்னால், அணி 50 மீட்டர் நீளம் என்றால் கடைசிப் பிள்ளைக்கு டிரம் அடி 0.15 விநாடி தாமதமாகக் கேட்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை விநாடி. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பிந்திவிடுகிறது. பிள்ளை காதால் கேட்டபடி சரியாகத்தான் நடக்கிறது. பேண்டை அணியின் நடுவில் வையுங்கள், அல்லது பின்வரிசை முன்னால் போகிறவரின் இடது குதிகாலைப் பார்த்து நடக்கட்டும்.

வேகமும் பாருங்கள். 120 என்பது பெரியவர்கள் 30 அங்குல அடி வைத்து நடக்கும் அளவு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 108 முதல் 112 போதும். தாள வேகத்தை எண்ணித் தட்டும் மெட்ரோனோம் செயலியை பாஸ் டிரம் பிள்ளையின் காதில் மட்டும் ஒரு வாரம் போட்டுப் பழக்குங்கள். சைடு டிரம்மில் உருட்டு முடியும்போதுதான் எல்லாரும் வேகம் ஏற்றுவார்கள். உருட்டுக்கு அடுத்த அடியைக் காலால் எண்ணிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சியை மூடிய வகுப்பறைக்குள் வைக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். நாலு டிரம் ஓர் அறைக்குள் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். வேப்பமரத்தடியில் வையுங்கள், மழை என்றால் ரப்பர் ஷீட் ஒட்டிய பலகையில் அடிக்கட்டும். சாயங்காலம் காதில் 'கொய்ங்' என்று கேட்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சி அளவுக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். பியூகிள் ஊதுவாயை ஒருவர் மாற்றி ஒருவர் ஊதுவதற்கு முன் சோப்பு நீரில் அலசித் துடைக்க வேண்டும். ஆளுக்கொரு ஊதுவாய் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாத்தியங்கள் எல்லாம் கெட்டுப்போகின்றன. எப்படிப் பாதுகாப்பது?
– இசை ஆசிரியர், தென்காசி

பதில்: உங்கள் பக்கம் ஆனியிலேயே சாரல் தொடங்கிவிடும், ஆகவே வருஷத்தில் பாதி நாள் இந்தக் கவனம் வேண்டும். மிருதங்கத்தில் தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ஒட்டிய ரவையை வாசித்து முடித்த உடனே சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, காற்றில் ஆற விடுங்கள். அப்படியே விட்டால் தோல் அழுகும், கரப்பான் அரிக்கும். பறையைத் தீயில் காய்ச்சுகிறார்களே என்று மிருதங்கத்தைத் தீயருகிலோ வெயிலிலோ வைத்துவிடாதீர்கள். வலந்தலையில் உள்ள சாதம் என்னும் கறுப்புப் பூச்சு வெடித்துப் பெயர்ந்துவிடும். உறையோடு, தரையில் படாமல், மரப்பலகை மேல் வையுங்கள்.

வயலினில் மழைக்காலத்தில் தந்தியை முறுக்கும் பிரடை ஊறி இறுகும், பென்சில் கரியைத் தடவினால் திரும்பும். சித்திரை வெயிலில் சுருங்கி நழுவும், அப்போது சாக்குக்கட்டிப் பொடி. வாசித்து முடித்ததும் வில்லின் மயிரைத் தளர்த்த வேண்டும், இதை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் மறப்பார்கள், பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். வயலின் ஓரம் விரிந்துவிட்டால் வீட்டில் ஒட்டும் வெள்ளைப் பசையை எடுக்காதீர்கள். வயலினில் போடுவது வஜ்ஜிரப் பசை, தேவைப்படும்போது மறுபடி திறக்கலாம். வெள்ளைப் பசை போட்டால் அடுத்த முறை பழுதுபார்ப்பவர் பலகையை உடைத்துத்தான் திறப்பார். கீபோர்டை மூடி வைக்கும்போது உள்ளே பேட்டரி இருக்கக் கூடாது, கசிந்தால் உள்ளிருக்கும் தகடு அரித்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே எந்த வாத்தியமும் வேண்டாம்.

கேள்வி: மகள் ஏழு வருஷமாக வயலின் கற்கிறாள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். பிறகு இசையே படிக்க ஆசைப்பட்டால் இங்கே வழி இருக்கிறதா?
– தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: முழுதாக நிறுத்தினால் முதலில் போவது விரல் நுனிக் காய்ப்பு, பிறகு சுருதி சுத்தம். இரண்டையும் மறுபடி கொண்டுவர அதிக நாள் ஆகும். தினமும் 20 நிமிடம் போதும். ஐந்து நிமிடம் நீண்ட வில்லில் ஸா–பா, பத்து நிமிடம் ஏற்கெனவே தெரிந்த வர்ணம் ஒன்று, ஐந்து நிமிடம் பிடித்த பாட்டு. புது உருப்படி தேர்வு முடியும் வரை வேண்டாம். பள்ளிக் குழுவில் இருந்தால் தலைமை வாசிப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது வரிசையில் வாசிக்கட்டும், வாரம் ஒரு நாள் போனால் போதும்.

திருநெல்வேலியில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருடப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், தேவாரம், நாதஸ்வரம், தவில் ஆகியவை அங்கே உண்டு. அது பகல்நேரப் படிப்பு என்பதால் பள்ளியோடு சேர்த்துப் படிக்க முடியாது. பள்ளி நாட்களில் வேண்டுமென்றால் 16 வயது வரை ஜவகர் சிறுவர் மன்றத்து விடுமுறை நாள் வகுப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பட்டப் படிப்பு என்றால் நமக்குப் பக்கத்தில் மதுரை அரசு இசைக் கல்லூரி. சென்னை, திருவையாறு, கோவையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. நாதஸ்வரத்திலோ தவிலிலோ நாட்டம் உள்ள பிள்ளை உங்களுக்குத் தெரிந்து இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த தாலுகா உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வாத்தியங்களை எடுக்கும் பிள்ளைகள் குறைந்துகொண்டு வருவதால் ஆசிரியர் அதிக நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. சேர்க்கை வழக்கமாகக் கல்வியாண்டின் தொடக்கத்தில் நடக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழும் வயதுச் சான்றும் எடுத்துக்கொண்டு நேரில் போய் விசாரியுங்கள்.